இல்லாத சட்டத்துக்குப் பணிந்த பல்கலைக்கழகம்

1968ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்து ஜேம்சன் மண்டபத்தில் மாணவர்களின் பெருங்கூட்டம் ஒன்று நடைபெற்றது. கூட்டம் முடிந்ததும் ஏறத்தாழ 600 மாணவர்கள் மலைச்சரிவில் கீழிறங்கி, பல்கலைக்கழக நிர்வாகத்தின் இருப்பிடமான பிரெம்னர் கட்டடத்துக்குள் நுழைந்து, கூடங்களிலும் படிக்கட்டுகளிலும் அமர்ந்துகொண்டனர். அன்றிரவு பலர் வீடு திரும்பவில்லை. நம் நாட்டின் விடுதலை நாளும் அந்தத் தேதியே என்பது தற்செயல். அந்த மாணவர்களுக்கு அது நினைவில் இருந்திருக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டு உலகெங்கும் மாணவர்கள் கிளர்ந்தெழுந்த ஆண்டு. பாரிஸில் மே மாதம் மூண்ட தீ பல நாடுகளுக்கும் பரவியிருந்தது. அரசை எதிர்த்துப் பல்கலைக்கழகத்தை முற்றுகையிட்டோர் உண்டு. பல்கலைக்கழகத்தையே எதிர்த்து எழுந்தோரும் உண்டு. கேப் டவுன் மாணவர்களின் கோரிக்கை இவ்விரண்டிலும் சேராதது. அவர்கள் அரசிடம் ஒன்றும் கேட்கவில்லை. தங்கள் பல்கலைக்கழகத்திடம் புதிதாகவும் ஒன்றைக் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் தானே எடுத்த ஒரு முடிவைக் காப்பாற்றுமாறு கேட்டனர். ஒரு கறுப்பின அறிஞரை விரிவுரையாளராக நியமித்துவிட்டு, அமைச்சர் முகம் சுளித்ததும் அந்த நியமனத்தைத் திரும்பப் பெற்றிருந்தது ஆட்சிக்குழு. அந்த அறிஞரின் பெயர் ஆர்ச்சி மஃபேஜே. வரலாற்று நூல்களில் இந்நிகழ்ச்சி 'மஃபேஜே விவகாரம்' என்னும் பெயரால் வழங்குகிறது. 'பல்கலைக்கழக விவகாரம்' என்று வழங்கியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். விவகாரத்தில் மஃபேஜேயின் பங்கு, விண்ணப்பம் எழுதியதோடு முடிந்துவிட்டது.

இதன் வேரைக் காண ஒன்பதாண்டுகள் பின்செல்ல வேண்டும். 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, வாழ்விடம், திருமணம், பேருந்து, கடற்கரை என ஒவ்வொன்றாக நிறத்தின்படி பிரித்துக்கொண்டு வந்தது. 1953இல் கறுப்பினச் சிறுவர்களின் பள்ளிக்கல்வி தனியே பிரிக்கப்பட்டது. எஞ்சியிருந்தது பல்கலைக்கழகக் கல்வி. கேப் டவுன், ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் ஆகிய இரு ஆங்கிலவழிப் பல்கலைக்கழகங்கள் நிறம் பாராமல் மாணவரைச் சேர்த்துவந்ததால் 'திறந்த பல்கலைக்கழகங்கள்' எனப் பெயர் பெற்றிருந்தன. இவற்றின் கதவை அடைக்க 1959இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதற்கு இட்ட பெயர் 'பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்'. சுருக்கியதற்கு விரிவாக்கம் என்று பெயர்! சொல்லின் பொருளைத் தலைகீழாகப் புரட்டுவதில் ஆட்சியாளர்க்கு உள்ள திறமை கவிஞர்களையும் நாணச் செய்வது.

இச்சட்டத்தின்படி வெள்ளையரல்லாத மாணவர் ஒருவர் இத்தகைய பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமாயின் அமைச்சரின் அனுமதி வேண்டும். அவர்களுக்கென இனவாரியாகத் தனித்தனிக் கல்லூரிகள் எழுந்தன. வடக்கே டர்ஃப்லூப், ஜூலு மக்களுக்கு ங்கோயே, கலப்பினத்தவர்க்கு மேற்குக் கேப், இந்தியர்க்கு டர்பன் என வரைபடம் போட்டுப் பிரித்தனர். இந்தியர்க்கான கல்லூரி டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரித் தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் அமைந்தது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் பேரன் பேத்திகள், தாங்கள் பிறந்த ஊரிலேயே ஒரு தீவுக்குச் சென்று பட்டம் படிக்க வேண்டியதாயிற்று. மொழியையும் கோயிலையும் காவடியையும் நூறாண்டுக் காலம் காத்துக்கொண்ட அச்சமூகத்தின் இளைஞர்கள் இவ்வரலாற்றில் பின்னர் மீண்டும் தலைகாட்டுவர்.

சட்டம் வருவதற்கு முன் திறந்த பல்கலைக்கழகங்கள் வாளாவிருக்கவில்லை. 1957இல் பேராசிரியர்களும் மாணவர்களும் பட்டமேலங்கி அணிந்து நகரவீதிகளில் ஊர்வலம் சென்றனர். கேப் டவுனின் துணைவேந்தராக இருந்து 1955இல் மறைந்த டி. பி. டேவி, பல்கலைக்கழகத்தின் சுதந்திரத்துக்கு நான்கு கால்களை வகுத்திருந்தார்: யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது ஆகிய நான்கையும் பல்கலைக்கழகமே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1959ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுள் நான்காவதை முறித்தது. அவர் நினைவாக அந்த ஆண்டு முதல் கல்விச் சுதந்திரம் பற்றிய சொற்பொழிவு ஒன்றையும் பல்கலைக்கழகம் ஏற்படுத்திக்கொண்டது.

ஆனால் உண்மையை முழுமையாகச் சொல்வதாயின், அந்தத் திறந்த கதவு ஒருக்களித்த கதவாகவே இருந்தது. வகுப்பறையில் ஒன்றாக அமர்ந்த மாணவர்கள் விடுதியிலும் விளையாட்டிலும் நடன அரங்கிலும் பிரிக்கப்பட்டிருந்தனர். கல்வியில் சமத்துவம், பழக்கத்தில் பிரிவினை என்பதே நடைமுறை. அரசு இதை எழுதிவைக்கவில்லை. பல்கலைக்கழகம் தானாகவே கைக்கொண்ட வழக்கம் இது. பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது உதவும்.

1959ஆம் ஆண்டுச் சட்டம் மாணவரைப் பற்றியது. ஆசிரியர் யாராக இருக்கலாம் என்பது குறித்து அது வாய்திறக்கவில்லை. வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் கறுப்பினத்தவர் விரிவுரையாளராகப் பணியாற்றக்கூடாது எனத் தடுக்கும் சட்டம் 1968இல் தென்னாப்பிரிக்காவில் இல்லை. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்த அந்நாட்டில், ஏனோ இந்த ஓர் இடம் மட்டும் எழுதாமல் விடப்பட்டிருந்தது. கறுப்பின ஆசிரியர் என்பது அப்பல்கலைக்கழகம் கண்டறியாத புதுமையுமன்று. ஹோசா மொழியின் பெரும் நாவலாசிரியரான ஏ. சி. ஜோர்டன் 1946 முதல் அங்கே ஆப்பிரிக்க மொழிகளைக் கற்பித்தவர். 1940இல் வெளிவந்த அவருடைய 'இங்கும்போ யெமின்யான்யா' என்னும் நாவல் – 'மூதாதையர் சினம்' என்பது அதன் பொருள் – அம்மொழியின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்று. வெளிநாட்டு அழைப்பொன்றை ஏற்கக் கடவுச்சீட்டு கேட்டபோது அரசு மறுத்துவிடவே, திரும்பிவர இயலாத வெளியேற்ற அனுமதியைப் பெற்றுக்கொண்டு 1961இல் தாய்நாட்டை விட்டு அகன்றார். அவர் அமெரிக்காவில் காலமானது 1968ஆம் ஆண்டு அக்டோபரில், அதாவது கேப் டவுன் மாணவர்கள் பிரெம்னர் கட்டடத்தை விட்டு வெளியேறிய இரண்டாம் மாதத்தில். ஒரு பல்கலைக்கழகம் தன் கறுப்பின ஆசிரியர் ஒருவரை இழந்த கதையும், மற்றொருவரை ஏற்க மறுத்த கதையும் ஒரே ஆண்டில் வந்து முட்டுகின்றன.

ஆர்ச்சிபால்ட் மொன்வாபிசி மஃபேஜே 1936இல் கிழக்குக் கேப் பகுதியில் பிறந்தவர். 1957இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதலில் அறிவியலும் பின்னர் சமூக மானிடவியலும் பயின்றார். அத்துறையின் தலைவர் மோனிகா வில்சன், கேப் டவுனை அடுத்த லங்கா என்னும் கறுப்பினத்தவர் குடியிருப்பைப் பற்றி ஓர் ஆய்வை மேற்கொண்டிருந்தார். அங்கே சென்று மக்களோடு பழகித் தரவு திரட்டும் பொறுப்பு மாணவரான மஃபேஜேயிடம் வந்தது. தெருமுனைக் குழுக்கள், ஊர்க்கூட்டங்கள், தேவாலயச் சபைகள், விளையாட்டுக் கழகங்கள், நேற்று கிராமத்திலிருந்து வந்தவன், நகரத்திலேயே பிறந்தவன் என அக்குடியிருப்பின் உள்ளமைப்பை அவர் நுணுகிக் கண்டார். 1963இல் வெளிவந்த 'லங்கா' நூலின் அட்டையில் ஆசிரியையின் பெயரும் மாணவரின் பெயரும் சேர்ந்தே இடம்பெற்றன. ஒரு கறுப்பின மாணவருக்கு அந்நாளில் அது சிறிய பெருமையன்று. பின்னர் அவர் முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார்.

1968இல் சமூக மானிடவியலில் முதுநிலை விரிவுரையாளர் பணியிடம் ஒன்று வந்தது. மஃபேஜே விண்ணப்பித்தார். தகுதி ஒன்றையே நோக்கிய ஆட்சிக்குழு அவரைத் தெரிவு செய்தது. இதுவரை எல்லாம் முறைப்படி நடந்தன. பின்னர் தேசியக் கல்வி அமைச்சர் யான் டி கிளர்க் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். இந்த நியமனம் தென்னாப்பிரிக்காவின் வழிவழி வந்த மரபுக்கு முரணானது, பல்கலைக்கழகம் இதைக் கைவிடாவிட்டால் அரசு நடவடிக்கை எடுக்கும் என்பதே அவர் தெரிவித்ததன் சாரம். சட்டத்தை அவர் சுட்டவில்லை; சுட்டுவதற்குச் சட்டம் இல்லை. மரபைச் சுட்டினார். (இந்த டி கிளர்க்கின் மகனே பிற்காலத்தில் குடியரசுத் தலைவராகி, 1990இல் நெல்சன் மண்டேலாவைச் சிறையிலிருந்து விடுவித்தவர். தந்தை கட்டிய சுவரை மகன் இடிக்க நேர்வது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.)

ஆட்சிக்குழு கூடியது, ஜூன் மாதம் நியமனத்தைத் திரும்பப் பெற்றது.

ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அனைவரும் நிறவெறியர்கள் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1957இல் ஊர்வலம் சென்ற பல்கலைக்கழகத்தின் பொறுப்பாளர்களே அவர்கள். தங்கள் முடிவுக்கு அவர்களிடம் காரணங்கள் இருந்தன. பல்கலைக்கழக வருவாயின் பெரும்பகுதி அரசு மானியம். ஒருவரைக் காப்பாற்றப் போய், இன்று வாய்மொழியாக உள்ள தடையை நாளை எல்லாப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும் சட்டமாக எழுத வைத்துவிடலாமா? எஞ்சியிருக்கும் சுதந்திரத்தையேனும் காப்பது அறிவுடைமை அன்றோ? இவ்வகை வாதங்கள் எந்த நாட்டிலும் எந்தக் குழுவிலும் அவையறிந்த பெரியோர் வாயிலிருந்து வருபவை. கேட்பதற்கு நிதானமானவை.

அந்த நிதானத்தின் உட்பொருளைப் பிரித்துப் பார்த்தவர்கள் மாணவர்கள். சட்டம் வந்துவிடும் என்று அஞ்சிச் சட்டம் சொல்லவிருப்பதை முன்கூட்டியே செய்துவிட்டால், சட்டம் வந்ததற்கும் வராததற்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு ஒன்றுண்டு. சட்டம் வந்திருந்தால் அநீதியின் கீழ் அமைச்சரின் கையொப்பம் இருந்திருக்கும். உலகத்தின் முன் அரசு தன் பெயரைச் சொல்லி அதைச் செய்ய வேண்டியிருந்திருக்கும், நாடாளுமன்றத்தில் ஒரு சிலரேனும் எழுந்து எதிர்த்திருப்பர், அது பதிவாகியிருக்கும். இப்போதோ, மஃபேஜேக்கு வேலையில்லை என்ற முடிவின் கீழ் இருந்தது பல்கலைக்கழகத்தின் கையொப்பம். அமைச்சர் செலவிட்டது சிறிது மை மட்டுமே. மாணவர்கள் வேண்டியது எளிய ஒன்று: நியமனம் நிற்கட்டும், தடுக்க வேண்டுமாயின் அரசே தடுக்கட்டும். பல்கலைக்கழகம் வெல்ல வேண்டும் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. அரசின் பணியைத் தன் கையால் செய்ய வேண்டாம் என்றே கேட்டனர்.

உள்ளிருப்புப் போராட்டம் ஒன்பது நாள் நீடித்தது. மாணவர் பேரவைத் தலைவர் டங்கன் இன்ஸ், மாணவர் தலைவர்களுள் ஒருவரான ராஃபேல் கப்ளின்ஸ்கி ஆகியோர் முன்னின்றனர். ஆகஸ்டு மாதம் அங்கே குளிர்காலம். மேசை மலையிலிருந்து மழையும் காற்றும் இறங்கும் பருவம். தரையில் படுத்துறங்கி, கொண்டுவந்து கொடுத்ததை உண்டு, விவாதங்களும் உரைகளுமாக நாள்களைக் கழித்தனர். ஆண்டுக்கணக்கில் வகுப்பறையில் கேட்காத செய்திகளைத் தம் நாட்டைப் பற்றி அந்தக் கூடத்துத் தரையில் அறிந்துகொண்ட வெள்ளையின மாணவர்கள் பலர். நகரின் ஒரு கோடியில் லங்கா என்றொரு குடியிருப்பு இருப்பதைப் பேருந்துப் பலகையில் மட்டுமே கண்டிருந்தவர்கள், அதைப் பற்றி எழுதியவருக்காகப் பட்டினி கிடக்கவும் ஆயத்தமாயினர். பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் மாணவர்களின் ஆதரவுக் குரல்கள் வந்தன. ஜோகன்னஸ்பர்க் மாணவர்களும் ஆதரவாக எழுந்தனர்.

எதிர்ப்பும் வந்தது. பிரதமர் ஜான் ஃபோர்ஸ்டர் எச்சரித்தார். பெற்றோர் பலர் தம் பிள்ளைகளின் தேர்வையும் எதிர்காலத்தையும் எண்ணி அஞ்சினர். நாளாக ஆக உள்ளிருந்தோர் தொகை குறைந்தது. இறுதியில் எஞ்சியவர் சுமார் தொண்ணூறு பேர். போராட்டத்தை வெறுத்த கும்பல் ஒன்று ஆயுதங்களோடும் நாய்களோடும் கட்டடத்துக்குள் புகுந்து அச்சுறுத்தியது. ஆகஸ்டு 24ஆம் நாள் மாணவர்கள் வெளியேறினர். ஆட்சிக்குழு தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கே ஓர் இடைச்செய்தி. அதே ஆகஸ்டு மாதத்தில், இலண்டன் ஓவல் மைதானத்தில், கேப் டவுனில் பிறந்த கலப்பின ஆட்டக்காரர் பாசில் டி ஒலிவெய்ரா இங்கிலாந்து அணிக்காக ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடி 158 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்துத் தென்னாப்பிரிக்கா செல்லவிருந்த இங்கிலாந்து அணியில் அவர் இடம் பெறுவது உறுதி என்றே கிரிக்கெட் உலகம் எதிர்பார்த்தது. ஆகஸ்டு 28ஆம் நாள் வெளியான பட்டியலில் அவர் பெயர் இல்லை! ஆட்டத்திறமையை மட்டுமே கருதியதாக மேரில்போன் கிரிக்கெட் கழகம் கூறியது, நம்பியவர் சிலரே. பின்னர் வேறோர் ஆட்டக்காரர் காயமுற்று விலகியதும் டி ஒலிவெய்ராவைச் சேர்க்க வேண்டியதாயிற்று. உடனே ஃபோர்ஸ்டர் அந்த அணியை ஏற்க மறுத்தார், பயணம் கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்கா உலகக் கிரிக்கெட்டிலிருந்து விலக்கப்படும் காலம் அதனோடு தொடங்கியது. பல்கலைக்கழக மாணவர்கள் கேட்டது எதுவோ அது கிரிக்கெட்டில், ஏறக்குறைய யாரும் விரும்பாமலே, நிறைவேறிற்று: தடுக்க வேண்டியவர் வெளியே வந்து தம் வாயால் தடுத்தார். விளைவை உலகம் கண்டது.

மீண்டும் பிரெம்னர் கட்டடத்துக்கு. அந்தப் போராட்டத்தைப் போற்றுவோர் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. உள்ளே அமர்ந்திருந்தோரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். சட்டம் ஒன்பதாண்டுகளுக்கு முன்பே மற்றவர்களை வெளியேற்றிவிட்டதால் அது இயல்பே. ஆனால் அவர்கள் எழுப்பிய முழக்கமும் கல்விச் சுதந்திரம், பல்கலைக்கழகத் தன்னாட்சி என்பனவற்றைச் சுற்றியே அமைந்தது. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த அந்த மனிதர், முப்பத்திரண்டு வயதில் தாய்நாட்டில் ஆசிரியராகும் வாய்ப்பைப் பறிகொடுத்தவர், ஒரு கோட்பாட்டின் எடுத்துக்காட்டாக மாறிப் போனார். அவரைப் பற்றி எல்லாரும் பேசினர்; அவர் பேச அங்கே இடமில்லை.

அதே 1968இல் கிழக்குக் கேப்பின் ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தின் முன் அமர்ந்து போராடினர். அவர்கள் கறுப்பினத்தவர். அவர்களிடம் ஒன்பது நாள் பொறுமை காட்டப்படவில்லை. காவலர் நாய்களோடு வந்து சூழ்ந்தனர். பலர் கல்லூரியை விட்டு விலக்கப்பட்டனர். பார்னி பிட்யானா அவர்களுள் ஒருவர். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வகைப் போராட்டம். தோலின் நிறத்துக்கேற்ப அரசின் கை நீண்டதும் சுருங்கியதும் எவர் கண்ணுக்கும் தப்பவில்லை. வெள்ளையின மாணவர்களின் தலைமையில் இயங்கிய தேசிய மாணவர் சங்கம் தமக்காகப் பேசுவது போதாது, தாமே பேச வேண்டும் என்னும் எண்ணம் கறுப்பின மாணவரிடையே முன்பே வளர்ந்துவந்தது. அது இப்போது உறுதிப்பட்டது. 1969இல் தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு தோன்றியது. ஸ்டீவ் பிகோ அதன் முதல் தலைவரானார். கறுப்பர் என்ற சொல்லுக்கு அவ்வமைப்பு புதிய பொருள் தந்தது: ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் என ஒடுக்கப்பட்ட யாவரும் கறுப்பரே. இவ்வெண்ணத்தைப் பரப்பியோருள் ஒருவர் ஸ்ட்ரினி மூட்லி. சாலிஸ்பரித் தீவின் அந்த இந்தியர் கல்லூரியில் படித்தவர், நாடகக்காரர், இதழாளர். பின்னர் ராபன் தீவுச் சிறையில் ஐந்தாண்டு இருந்தவர். இந்தியரைத் தனித்து வைக்க அரசு தீவில் நிறுவிய கல்லூரி, தனித்து நிற்க மறுத்த ஒருவரை உருவாக்கி அனுப்பியது. 'முதலி' என்னும் தமிழ்ச் சொல் கடல் கடந்து 'மூட்லி' எனத் திரிந்த வகையை மொழியாய்வாளர் ஆராயலாம். அப்பெயரைத் தாங்கியவர் தம்மைக் கறுப்பர் என்று அழைத்துக்கொண்டதை வரலாற்றாய்வாளர் ஆராய்ந்திருக்கின்றனர்.

கேப் டவுன் பல்கலைக்கழகம் தன் மனச்சாட்சிக்கு ஒரு வழி கண்டது. மஃபேஜேயின் பெயரால் கல்விச் சுதந்திர ஆய்வுப் பரிசு ஒன்றை ஏற்படுத்துவது, விரிவுரையாளரை நியமிக்கும் உரிமை பறிபோனதை நினைவூட்டும் பட்டயம் ஒன்றை நூலகத்தில் பதிப்பது என்று முடிவாயிற்று. பட்டயங்கள் பொதுவாகச் செயப்பாட்டு வினையிலேயே பேசுபவை. உரிமை 'பறிக்கப்பட்டது'. பறித்தவர் அமைச்சர் என்பது படிப்பவர் மனத்தில் தானே தோன்றும். கொடுத்தவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. தமிழ் இலக்கணத்தில் எழுவாயை மறைத்துப் பேசப் பல வழிகள் உண்டு. அவற்றை அறிந்த கவிஞர்களுக்கு இந்தப் பட்டயத்தின் நடையை விளக்க வேண்டியதில்லை.

மஃபேஜே நெடுங்காலம் தாய்நாடு திரும்பவில்லை. தான்சானியாவின் தார் எஸ் சலாம், நெதர்லாந்தின் ஹேக், எகிப்தின் கெய்ரோ என இடம் மாறி மாறிக் கற்பித்தார். 1971இல் வெளிவந்த கட்டுரையொன்றில், ஆப்பிரிக்க மக்களின் எல்லாச் சிக்கலுக்கும் 'குலமரபு உணர்ச்சி' என்று பெயரிட்டு ஒதுக்கும் மேலைநாட்டுப் போக்கை அவர் தாக்கினார்; குலம் என்ற சொல்லை அயலார் புகுத்திய விதத்தையும், உள்நாட்டு அதிகார வர்க்கம் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் விதத்தையும் பிரித்துக் காட்டினார். ஆப்பிரிக்கச் சமூக அறிவியலில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. மானிடவியல் என்னும் துறையே ஆட்சி செய்தோரின் கண்ணாடி வழியாக ஆளப்பட்டோரை நோக்கியது என்ற முடிவுக்கு அவர் படிப்படியாக வந்து சேர்ந்தார். தம்மை ஏற்க மறுத்த துறையை அவர் தம் எழுத்தால் விசாரணைக்கு நிறுத்தினார் எனலாம். எழுத்தில் கூர்மையும் வாதத்தில் இரக்கமின்மையும் உடையவர் என்று உடன் பணியாற்றியோர் அவரை நினைவுகூர்வர்.

மாணவர் தலைவராக நின்ற கப்ளின்ஸ்கியும் நாட்டை விட்டு வெளியேறி, இங்கிலாந்தில் பொருளாதார அறிஞராக வாழ்ந்தார். ஒன்பது நாள் தரையில் அமர்ந்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

நிறஒதுக்கல் ஆட்சி தளர்ந்தது, 1994இல் வீழ்ந்தது. இனித் தடுக்க அமைச்சர் இல்லை, மரபு இல்லை. அப்போதாவது அந்தப் பணி மஃபேஜேயைத் தேடிச் சென்றதா? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கேப் டவுன் பல்கலைக்கழகம் அவருக்கு ஓராண்டு ஒப்பந்தப் பணி ஒன்றை முன்வைத்தது. உலகப் புகழ் பெற்ற பேராசிரியருக்கு அது இழிவாகவே பட்டது. பின்னர் ஆப்பிரிக்க ஆய்வுக்கான ஏ. சி. ஜோர்டன் பேராசிரியர் இருக்கைக்கு அவர் விண்ணப்பித்தார். ஆம், கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு வெளியேறிய அதே ஜோர்டனின் பெயரில் அமைந்த இருக்கை. நேர்காணலுக்குக்கூட அவர் அழைக்கப்படவில்லை. 1996இல் அவ்விருக்கையில் அமர்ந்தவர் உகாண்டாவின் அறிஞர் மஹ்மூத் மம்தானி. தகுதியில் குறைந்தவர் அல்லர். ஆயினும் 1968ஐ அறிந்தவர்களுக்கு இந்த இரண்டாம் மறுப்பு முதலாவதைக் காட்டிலும் உறுத்தியது. முதல் மறுப்புக்கு அமைச்சரைக் காட்டலாம். இதற்கு எவரைக் காட்டுவது?

2003இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரி, மதிப்புறு முனைவர் பட்டமும் அளிக்க முன்வந்தது. மஃபேஜே விடை எழுதவில்லை. ஏற்கிறேன் என்றும் எழுதவில்லை, மறுக்கிறேன் என்றும் எழுதவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கடிதத்தைப் பெற்றுக் கலங்கிய பல்கலைக்கழகம், இப்போது வராத கடிதம் ஒன்றுக்காகக் காத்திருந்தது. 2007 மார்ச்சு மாதம் அவர் காலமானார்.

மறு ஆண்டு, போராட்டத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவின்போது, பல்கலைக்கழகம் அவர் குடும்பத்தாரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. மதிப்புறு முனைவர் பட்டம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது, குடும்பத்தார் ஏற்றனர். பிரெம்னர் கட்டடத்தில், பேரவை கூடும் அறைக்கு ஆர்ச்சி மஃபேஜே அறை எனப் பெயர் சூட்டப்பட்டது.

2015 மார்ச்சு மாதம் மாணவர்கள் அதே பிரெம்னர் கட்டடத்துக்குள் மீண்டும் புகுந்து அமர்ந்தனர். இம்முறை பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே வீற்றிருந்த செசில் ரோட்ஸின் சிலையை அகற்ற வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இப்போதும் அவர்கள் முறையிட்டது அரசிடமன்று, தங்கள் பல்கலைக்கழகத்திடமே. அவர்கள் கூடிப் பேசிய இடங்களுள் மஃபேஜே அறையும் ஒன்று. ஏப்ரல் 9ஆம் நாள் பாரந்தூக்கி வந்து சிலையை எடுத்துச் சென்றது. 1968இல் மாணவர்கள் கூடிப் புறப்பட்ட ஜேம்சன் மண்டபமும் இன்று அந்தப் பெயரில் இல்லை. ரோட்ஸின் தோழரும் அவர் பேரரசுக் கனவின் கைவாளுமான ஜேம்சனின் பெயர் நீக்கப்பட்டு, ஐரோப்பியக் காட்சிச் சாலைகளில் விலங்கைப் போல் நிறுத்திக் காட்டப்பட்ட தென்னாப்பிரிக்கப் பெண்ணின் பெயரால் 2018 இறுதியில் அது சாரா பார்ட்மன் மண்டபம் ஆயிற்று.